சாபத்துக்குப் பெயர் சொன்ன வைதேகி

டாக்டர் வைதேகி மறைந்த செய்தி மாலைப் பாராயணத்தின் நடுவே வந்தது. அவருடைய அக்காள் மகள் நித்யா தொலைபேசியில், "மாமா, சித்தி போயிட்டா" என்றாள். எடுத்த நாமத்தைப் பாதியில் விட்டுப் புத்தகத்தை மூடினேன். கல்லீரலில் புற்றுநோய். அந்தக் குடும்பத்தில் அதற்கு இரையான நான்காமவர் அவர்.

வங்காளத் தலைநகரில், டாக்குரியாப் பகுதியில் அவர்கள் எங்களுக்கு மேல்மாடி. துறைமுக வேலையாக நான் இந்நகருக்கு வந்த புதிதில் அவருடைய தாயார் காலமானார். பின்னர் அண்ணா, அதன்பின் அக்கா. மூவருக்கும் கண் மஞ்சளித்து, வயிற்றில் நீர் கோத்து, ஒரேவிதமான முடிவு. மூதாதை ஒருவர் நாகத்தை அடித்த சாபம் என்று வீட்டார் நம்பினார்கள். அண்ணா போனதும் நாகப் பிரதிஷ்டைக்குப் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்துக் கொடுத்தவன் நான். திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து நோய் சொல்லும் மருத்துவரான வைதேகியும் அந்தப் பரிகாரத்தில் ஈரப்புடவையோடு வந்து நின்றார்.

அக்கா நோயில் கிடந்தபோது அவளுடைய கல்லீரல் துணுக்கை வைதேகியே பார்க்க நேர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு காலையில், ஏரிக்கரையில் என்னோடு நடந்தவர் நின்றார்.

"மாமா, நாகம் நெஜம்தான். பேரு ஹெபடைடிஸ் பி. பிரசவத்தப்போ அம்மா ரத்தத்துலேர்ந்து எங்க மூணு பேருக்கும் வந்திருக்கு. வருஷக்கணக்கா சும்மா படுத்துண்டிருக்கும்." மீண்டும் நடக்கத் தொடங்கியபடி, "அம்மாவை யாரும் குத்தம் சொல்லிடப்படாது. அவளுக்கே தெரியாது" என்றார்.

உள்ளே குடியேறிய கிருமியோடு உடல் ஓயாமல் பொருத, புண்ணாகி ஆறி மீண்டும் புண்ணாகும் இடத்தில் செல்கள் நெறி பிறழ்கின்றன என்று விளக்கினார். இரைப்பையில் தங்கும் ஒரு பாக்டீரியாவும், கருப்பை வாயில் தங்கும் ஒரு வைரஸும் தத்தம் வழியில் சிலரைப் புற்றுநோயில் கொண்டுபோய் விடுமாம், எல்லோரையும் அல்ல. புராணத்து அசுரன் வெளியிலிருந்து படையெடுப்பான். இவனோ தாய்வீட்டுச் சீதனம்போல் வந்தவன். அன்று முதல் மாடிப்படியில் வைதேகியின் காலடி கேட்டால், கூடவே இன்னொன்றும் ஏறுவதாக எனக்குத் தோன்றும்.

நித்யாவின் இரத்தத்திலும் அது இருந்தது. அவளுக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்ததும், தடுப்பூசியோடு இன்னொரு காப்பு ஊசியையும் உடனே போட வேண்டும் என்றார் வைதேகி. நித்யாவின் மாமியார் குழந்தையை மடியிலிருந்து இறக்கவில்லை.

"பச்ச ஒடம்பு. பதினோராம் நாள் தீட்டுக் கழிஞ்சு புண்யாகவாசனம் ஆகட்டும். ஒங்காத்துக் கஷ்டம் ஒங்களோட இருக்கட்டும், டாக்டர்."

"அதுக்குத்தான் மாமி ஊசி. எங்களோடயே முடியட்டும். பதினோரு நாள் அது காத்துண்டிருக்காது."

அந்த அம்மாள், குழந்தையைப் பார்க்க வந்திருந்த என் பக்கம் திரும்பி, சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று கேட்டார். பிறந்த சிசுவுக்கு முதலில் செய்யும் ஜாதகர்மத்துக்கே தீட்டு குறுக்கே நிற்பதில்லை. உயிரைக் காப்பதற்கு எப்படி நிற்கும் என்றேன். வங்காளி நர்ஸ் ஊசியோடு காத்திருந்தாள். "திதி, தேபோ?" என்றாள் வைதேகியிடம், அக்கா, போடட்டுமா என்று. மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மடி மட்டும் தளர்ந்தது.

பின்னாளில் குழந்தையின் இரத்தத்தைச் சோதித்தார்கள். கிருமி இல்லை. வைதேகி தாமும் மருந்து உட்கொண்டுதான் வந்தார். ஆனால் அவருக்குள் போர் வெகுகாலம் நடந்து முடிந்திருந்தது.

வைதேகியின் பத்தாம் நாள் காரியத்தன்று, காளிகாட்டுக்குப் பின்னால் ஆதிகங்கைப் படித்துறையில், அன்று ஊசி போட்ட அந்தக் குழந்தை, இப்போது ஓடியாடும் சிறுமி, வழுக்கி விழுந்தாள். முழங்கால் கிழிந்து இரத்தம் ஓடியது. நாங்கள் அத்தனைபேரும் ஒரு கணம் பின்வாங்கினோம். இரத்தம் என்றால் அஞ்சிப் பழகிய குடும்பம். நித்யாவின் மாமியார்தான் முதலில் குனிந்தார். தம் புடவைத் தலைப்பால் அதை ஒற்றி, "ஒண்ணுமில்லடி, வெறும் ரத்தம்" என்றார்.

வைதேகி அம்மா, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய சொல் அது. சென்று வாருங்கள்.