கழுத்தில் கிடந்த விசில்

நிருபமாவின் கைபேசி இரண்டாவது மணி அடித்து யாரும் கேட்டதில்லை. முதல் மணி அடங்குவதற்குள் எடுத்துக் காதில் வைத்து, "சொல்லுங்க" என்பாள். கிரெடிட் கார்டு விற்கிறவர்களுக்கும் அதே "சொல்லுங்க"தான், நம்பர் மாற்றிப் போட்டவர்களுக்கும் அதேதான். போன வாரம் மெஜஸ்டிக்கிலிருந்து வைட்ஃபீல்ட் போகும் மெட்ரோவில், கூட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, பர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்ட ஒரு பெண்ணிடம், "லோன் வேணாம்மா. வேற ஒண்ணும் அவசரம் இல்லையே?" என்று விசாரித்தாள். அந்தப் பெண் பயந்துபோய் வைத்துவிட்டாள். பக்கத்தில் நின்றிருந்தவர் சிரித்தார். நிருபமா சிரிக்கவில்லை.

வயது நாற்பத்தாறு. வீடு ஒக்கலிபுரத்தில். அப்பா சுப்ரமணியன் மாநிலப் பொதுப்பணித் துறையில் இருந்தபோது வாங்கியது. ரயில் போனால் ஜன்னல் கம்பி அதிரும். அப்பா போய் ஆறு வருடமாகிறது. இப்போது அம்மா பாமாவும் இவளும்தான். நடுவில் ஒரு கல்யாணம் நடந்து, நிலைக்காமல் போனது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நாமும் கேட்க வேண்டாம்.

வேலை, பிறர் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடிப்பது. என்ன செய்தால் கோளாறு வருகிறது, என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது என்று மூன்று வரியில் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். இருபது வருடப் பழக்கம் ஆபீசோடு நிற்குமா? ஹோட்டலில் உட்கார்ந்தாலும் அதேதான். "எதிர்பார்த்தது, இட்லியோட சாம்பார். வந்தது, இட்லி முடிஞ்சப்புறம் சாம்பார். ஏனப்பா இது?" என்று சர்வரைப் பிடித்துக்கொள்வாள். அவள் பிரிவில் ஒரு விதி உண்டு. கோளாறைச் சரி செய்தவன் அதை மூட முடியாது. மேலதிகாரியும் மூட முடியாது. முதலில் எழுப்பியவர் யாரோ, அவரே மறுபடி பார்த்து, சரிதான் என்று சொன்னால்தான் மூடலாம். இந்த விதிக்காக மூன்று மேனேஜர்களோடு சண்டை போட்டிருக்கிறாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் மட்டும் அவள் வேறு ஆள். பருத்திப் புடவையும் தோளில் பெரிய துணிப்பையுமாகக் கப்பன் பார்க்கில் மூங்கில் புதர் ஓரத்துக் கல் பெஞ்சுக்கு வந்துவிடுவாள். அங்கே பதினோரு பேர் கூடுவார்கள். எல்லோரும் "உப்பாற்று ராஜ்ஜியம்" என்ற சிறுவர் நாவல் வரிசைக்கும், அதை வைத்து எடுத்த படங்களுக்கும் அடிமைகள். பத்து வயதுப் பிள்ளைகளுக்காக எழுதிய கதை. சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேருக்கோ காது மயிர் நரைத்துவிட்டது. தலைவர் மாதிரி இருப்பவர் டேரில். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரு நீல நோட்டில் சங்கத்தின் தீராத சந்தேகங்களையெல்லாம் வரிசையாக எழுதி, எதிரே எழுப்பியவர் பெயரும் போட்டு வைத்திருக்கிறார். தீர்ந்தால் கோடு போட்டு அடிப்பார். எழுப்பியவர் பெயர் எழுதும் வழக்கம் நிருபமா கொண்டு வந்தது.

அதில் பக்கத்தின் உச்சியில், இரண்டு வருடமாக அடிபடாமல் கிடப்பது ஒரே கேள்வி. ஏன் ஊதவில்லை?

கதை இதுதான். இல்வா என்ற பெண்ணிடம் ஒரு நாணல் விசில் இருக்கிறது. ஊதினால், தண்ணீர் இருக்கிற எந்த இடத்துக்கும் ஓடக்காரன் வந்து நிற்பான். மூன்றாவது படத்தில் அவள் தம்பி தோம் மணல் திட்டில் மாட்டிக்கொள்கிறான். வெள்ளம் ஏறுகிறது. இல்வா கரையில் நின்று கதறுகிறாள். விசில் கழுத்தில் தொங்குகிறது, அவள் ஊதுவதில்லை. தம்பி போய்விடுகிறான். தியேட்டரே "ஊதுடி! ஊதுடி!" என்று கத்தியதாம். நாவல் படித்தவர்களுக்கு விடை தெரியும். ஒன்பதாம் அத்தியாயத்தில், பூட்டிய மதகைத் திறப்பதற்காக அவள் அந்த விசிலை மதகுக்காரியிடம் கொடுத்துவிட்டாள். படத்தில் அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள். கழுத்திலிருந்து விசிலைக் கழற்ற மறந்துவிட்டார்கள். நாவல் கட்சி, படக் கட்சி என்று இரண்டாகப் பிரிய இது போதாதா!

சங்கத்தில் படக் கட்சிக்குத் தலைவி நிருபமா. "நோடி, இங்க பாருங்க, கையில இருந்தது. ஊதல. அவ்ளோதான். ஆயிரம் காரணம் சொன்னாலும் தப்பு அவளோடதுதான்" என்பாள். அந்தக் கற்பனைப் பெண்ணின்மேல் இவளுக்கு ஏன் இத்தனை ஆங்காரம் என்று நாவல் கட்சிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணை இப்படிக் கூண்டில் நிறுத்தலாமா என்று காலேஜ் படிக்கும் லாவண்யாவுக்கு ஒருமுறை கண் கலங்கியே விட்டது.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. இரண்டு வருடம் முன்புவரை நிருபமா நாவல் கட்சி. படக் கட்சி, அவள் தம்பி கண்ணா.

கண்ணா பீன்யாவில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். இரண்டு பேரும் சின்ன வயதில் ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில் படித்தவர்கள். அக்கா முடிக்கும்வரை தம்பி பக்கம் திருப்பக் காத்திருப்பான். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பிறகும் வாயாடல் நிற்கவில்லை. மூன்றாவது படம் வந்த வாரம் ஒரு நாளைக்கு நாலு தடவை கூப்பிட்டான். ஹலோ கிடையாது, சாப்பிட்டாயா கிடையாது. எடுத்ததுமே, "அக்கா, ஏன் ஊதல?" என்பான். இவள் ஒன்பதாம் அத்தியாயத்தை ஒப்பிப்பாள். "அதெல்லாம் புக்குல. நான் டிக்கெட் வாங்கினது படத்துக்கு" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிடுவான்.

அந்தப் புதன்கிழமை மூன்றே முக்கால் மணிக்குக் கூப்பிட்டபோது நிருபமா ஒரு மீட்டிங்கில் இருந்தாள். பெயரைப் பார்த்தாள், சிரித்தாள், துண்டித்தாள். "ஒன்பதாம் அத்தியாயம் படிடா" என்று செய்தி அனுப்பினாள். மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தாள். மூன்றாவது முறை அடிக்கவில்லை.

கண்ணாவோடு வேலை செய்த அர்ஜுனன் பிறகு சொன்னார். "நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுதுன்னாரு. ஆட்டோ கூப்பிடட்டுமான்னு கேட்டேன் மேடம். இரு, அக்காவுக்கு அடிச்சிருக்கேன், அப்பாவ பாத்த டாக்டர் அவளுக்குத்தான் தெரியும், எங்க போறதுன்னு அவ சொல்லுவான்னாரு. அப்படியே போனைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு." இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தான். இருபது நிமிடம் முன்னால் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று அவள் டாக்டரிடம் கேட்கவில்லை. என்ன பதில் வந்தாலும் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவன் போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். திரையின் மூலையில் ஒரு விரிசல். திறந்ததும் வந்தது அவள் அனுப்பிய செய்திதான். தன் போனில் பார்த்தாள், அதன் பக்கத்தில் இரண்டு நீலக் குறிகள். படித்திருந்தான்.

கண்ணாவின் மனைவி வனஜா பிறந்த வீட்டுக்குத் திருச்சி போகும்போது, "அக்கா, இத நான் வெச்சுக்க முடியாது" என்று அந்த போனை நிருபமாவிடம் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் சார்ஜ் போட்டு, அந்த நம்பரை உயிரோடு வைத்துத் துணிப்பையில் சுமக்கிறாள். அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. "யாரையும் கூப்பிடக்கூட நேரமில்லாம போயிட்டான் என் குழந்தை. அவஸ்தைப்படல, அது ஒண்ணுதான் ஆறுதல்" என்று பாமா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும்போது, நிருபமா எழுந்து அடுக்களைக்குப் போய்க் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவுவாள். கண்ணாவின் காரியங்கள் முடிந்த அடுத்த மாதம்தான் இந்தச் சங்கத்தைத் தேடிப் பிடித்து வந்து சேர்ந்தாள். வந்த அன்றே தம்பியின் கேள்வியை நோட்டில் எழுத வைத்தாள்.

இந்த மாத ஞாயிறு டேரில் ஒரு டேப்லெட்டோடு வந்தார். முகமெல்லாம் பல்லாக இருந்தது. மூன்றாவது படத்தின் முழுநீளப் பதிப்பு வெள்ளிக்கிழமை வெளிவந்திருக்கிறது. வெட்டிய ஒன்பதாம் அத்தியாயக் காட்சியைச் சேர்த்துவிட்டார்கள். பதினோரு தலைகள் அந்தச் சின்னத் திரையின்மேல் குவிந்தன. இல்வா விசிலைக் கழற்றி மதகுக்காரியின் கையில் வைக்கிறாள். பிறகு ஆற்றங்கரை, வெள்ளம், தோம். இல்வாவின் கழுத்து வெறுமையாக இருக்கிறது. விசிலைக் கம்ப்யூட்டரில் துடைத்துவிட்டார்கள்.

எல்லோரும் கை தட்டினார்கள். "கேஸ் க்ளோஸ்!" என்று லாவண்யா குதித்தாள். டேரில் நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார். "மேடம், இப்பவாச்சும் ஒத்துக்கோங்க. அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. அவகிட்ட விசில் இல்ல."

"இருந்தது" என்றாள் நிருபமா.

"அது சும்னே, தெரியாம நடந்த ஒரு மிஸ்டேக் மேடம். சரி பண்ணிட்டாங்களே."

"இப்ப தொடச்சுட்டாங்க. அன்னிக்கு தியேட்டர்ல பாத்தவன் கழுத்துல இருக்கறதத்தானே பாத்தான்? இருந்தும் ஊதலையேன்னுதானே அவன் நெனச்சிருப்பான்?" குரல் உயர்ந்துவிட்டது. புல்லில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. "அவனுக்கு யாரு போய் இத போட்டுக் காட்டறது?"

ஒரு சினிமாவுக்காக இவ்வளவா என்று ஒருவர் இன்னொருவர் முகத்தைப் பார்த்தார். டேரில் நல்ல மனிதர். தணிவாகச் சொன்னார். "அவளுக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பாளா மேடம்? தம்பிதானே? எந்த அக்காவாவது விடுவாளா?" சொல்லிவிட்டுப் பேனாவை அந்த முதல் வரியில் வைத்தார்.

"அடிக்காதீங்க!" நிருபமா அவர் கையைப் பிடித்தாள். "எழுப்பினவங்கதான் மூடணும்."

"உங்க பேர்தானே போட்டிருக்கு?"

"எழுதச் சொன்னது நான். எழுப்பினது என் தம்பி."

"உங்களுக்குத் தம்பி இருக்காரா? சொல்லவே இல்ல!" லாவண்யாவின் முகம் மலர்ந்தது. "கூப்பிடுங்க ஆன்ட்டி, ஸ்பீக்கர்ல போடுங்க. அவரு ஓகேன்னா அடிச்சுடலாம்."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையை அவள் இரண்டு வருடத்தில் இந்த பெஞ்சில் சொன்னதில்லை, இப்போதும் வாயில் வரவில்லை. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிருபமா தன் கைபேசியை எடுத்தாள். அந்த எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, கல் பெஞ்சின்மேல் வைத்தாள்.

மணி போகத் தொடங்கியது. கூடவே அவள் தோளில் கிடந்த துணிப்பைக்குள்ளும் ஒரு மணி அடித்தது.

"ஆன்ட்டி, உங்க பேக்ல..." என்று ஆரம்பித்த லாவண்யா நிறுத்திக்கொண்டாள். டேரில் பேனாவை மெல்ல நோட்டிலிருந்து எடுத்தார்.

முதல் மணி இன்னும் அடங்கவில்லை. நிருபமா பைக்குள் கைவிட்டு, மூலையில் விரிசல் விட்ட அந்த போனை எடுத்து, பச்சையை அழுத்திக் காதோடு சேர்த்துக்கொண்டாள். "சொல்லுடா" என்றாள். அந்தச் சொல் பெஞ்சின்மேல் இருந்த போனிலிருந்து எல்லோருக்கும் கேட்டது. அவள் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.