கத்தரிப்பூச் சேலை

யுத்த காலத்தில், வவுனியாவில் எங்கள் நிவாரண அலுவலகத்தில் தேநீர் போட்டவர் அவர். மெலிந்து உயர்ந்தவர். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். யார் பார்த்தாலும் உடனே சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வார்.

கொழும்பிலிருந்து வரும் விருந்தினருக்குக் காட்ட, கணினியில் படக்காட்சியொன்று செய்திருந்தேன். அதில் உதவி தேவைப்படுவோரில் ஒருவராக அவரும் இருந்தார். படமெடுக்கப் போன அன்று குடிசை வாசலில் கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்து, பூ வைத்துக் காத்திருந்தார்.

"இப்பிடி நிண்டா ஒருத்தரும் உதவமாட்டினம், அக்கா. கிழிஞ்சதொண்டை உடுத்திக்கொண்டு வாங்கோ" என்றேன். உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

விருந்தினர் வருவதற்கு முதல்நாள், மின்சாரம் நின்று நின்று வந்ததில் அந்தக் கோப்பு பழுதாகிவிட்டது. எப்படி முயன்றும் திறக்கவில்லை.

தேநீர் கொண்டுவந்தவர் கேட்டார். "என் படமும் போயிருச்சா சேர்?"

"ஓம் அக்கா. திரும்ப எடுக்கவேண்டி வரும்."

"சரிங்க சேர்."

மறுநாள் வெள்ளெனவே வந்து, புதிய கோப்பொன்றைத் திறந்து, பழையதைத் திறக்காமலே அதன் பக்கங்களை ஒவ்வொன்றாக இதற்குள் இழுத்துப் பார்த்தேன். எல்லாம் வந்துவிட்டன. கடைசிப் பக்கத்தில் கிழிந்த சேலையோடு அவர். துள்ளாத குறையாகத் திரும்பினேன்.

வாசலில் நின்றார். கத்தரிப்பூச் சேலை. தலையில் கனகாம்பரம்.

திரையைப் பார்த்தார். கை தானாகத் தலைப்புக்குப் போனது.

"கெடைச்சிருச்சுங்களா? நல்லதுங்க சேர்" என்றுவிட்டுத் தேநீர் போடக் குசினிக்குப் போனார்.

விருந்தினருக்குத் தேநீர் கொடுத்ததும் அவர்தான். திரையில் நிற்பவர் இவரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. நான் சொல்லவுமில்லை.