விழுந்தவர்களின் குடும்பம்

என் கணவரின் தங்கை நபீஸாவைக் கேட்டால், அவர்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் நோய், வருத்தம் என்று வந்ததே கிடையாது. எல்லாரும் விழுந்தவர்கள். அவளுடைய வாப்பா ஜமால்தீன் திருகோணமலைத் துறைமுகத்தில் கோதுமை மா மூட்டையோடு விழுந்தவர். அவளுடைய நானா, அதாவது என் கணவர் பாஹிம், மோட்டார் சைக்கிளால் விழுந்தவர். எங்களிடம் ஒரு நாளும் மோட்டார் சைக்கிள் இருந்ததில்லை. அதை நான் சொன்னால் வீட்டில் சண்டை.

நடந்தது வேறு. என் மாமனாருக்கு இளம் வயதிலேயே விடிய எழும்பும்போது முதுகு இறுகும். நடக்க நடக்க இளகும். பிறகு இளகாமலே போனது. கடைசிக் காலத்தில் அவர் கண்டதெல்லாம் நிலமும் ஆட்களின் கால்களும்தான். பெருநாளன்று பேரப்பிள்ளைகளின் முகம் பார்க்க அவரைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைப்போம். பாஹிமுக்கும் அதே கதை. ஆனால் குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில் பரம்பரை வருத்தம் என்று வாய் திறக்கலாமா? ஒரு சம்பந்தமும் வாசற்படி ஏறாது. அதனால் ஆளுக்கொரு விபத்தைக் கட்டிவிட்டார்கள்.

நபீஸா கெட்டிக்காரி, இல்லையென்று சொல்லமாட்டேன். புருஷன் போன பிறகு இடியப்பம் அவித்துக் கிண்ணியாக் கடைகளுக்குக் கொடுத்தே மகள் ஷிஃபானாவுக்கு வீடு கட்டினாள். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் மாப்பிள்ளை வருவான். மூதூரிலிருந்து நல்ல இடம் ஒன்று பொருந்தியும் வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஷிஃபானா சுவரைப் பிடித்து எழும்பத் தொடங்கினாள். சுபஹுத் தொழுகைக்கு முன் சுவரில் கை உரசும் சத்தம். மாமனார் மவுத்தாகிப் பல வருடம். வாப்பாதான் எழும்புகிறார் என்று நபீஸா நினைத்தாளாம்.

திருகோணமலை கிளினிக்கில் டொக்டர், குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். பக்கத்தில் நின்ற தாதி மூதூர் மாப்பிள்ளையின் சாச்சி, உம்மாவின் தங்கை. நபீஸா யோசிக்கவேயில்லை. ஒருவருக்கும் இல்லை, பிள்ளை கிணற்றடியில் வழுக்கி விழுந்தவள் என்றாள். அவர் நோவுக்குக் குளிசை எழுதி, ஓய்வெடுக்கச் சொன்னார். பாவம், அவருக்குச் சொன்னது அவ்வளவுதானே. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. கேட்டதற்கு, கலியாணம் முடியட்டும் மதினி என்று என் வாயை அடைத்தாள்.

பிள்ளை படுத்துக் கிடந்தாள். படுக்கப் படுக்க இறுகியது. ஒவ்வொரு விடியலும் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நபீஸா குசினியில் மா குழைத்தாள். வாப்பா வீட்டைவிட்டுப் போகவில்லை என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். சும்மா சொல்கிற முகமாக அது இல்லை.

பிறகொரு நாள் நான் வாசலில் நின்று ஷிஃபானாவைக் கூப்பிட்டேன். அவள் தலையைத் திருப்பவில்லை. முழு உடம்போடும் திரும்பினாள். பாஹிம் அப்படித்தான் திரும்புவார். நபீஸாவும் அதைக் கண்டாள். அன்று அவள் இடியப்பம் அவிக்கவில்லை.

மறுபடி கிளினிக் போனபோது நானும் கூடப் போனேன். அதே டொக்டர், அதே தாதி. நபீஸா கதிரையில் இருக்கவுமில்லை.

"என்ட வாப்பாவும் விழல்ல, நானாவும் விழல்ல, இவளும் விழல்ல டொக்டர். இது எங்கட குடும்பத்து வருத்தம்."

தாதி நிமிர்ந்து பார்த்தார். சம்பந்தம் போய்விட்டது என்று எனக்கு அப்போதே விளங்கியது. போகட்டும். டொக்டர் எக்ஸ்ரே எடுப்பித்துப் பார்த்தார். இடுப்புப் பக்கம் எலும்பு ஒட்டத் தொடங்கியிருந்தது. ஒட்டியதை இனிப் பிரிக்க முடியாது, மருந்தும் அன்றாடப் பயிற்சியும் இருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். இந்த வருத்தத்துக்குப் படுத்துக் கிடப்பதுதான் கூடாதாம்.

ஆட்டோ கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது ஷிஃபானா, பாஹிம் மாமாவுக்கும் இப்படித்தான் தொடங்கியதா என்று கேட்டாள். நபீஸா ஓம் என்றாள்.

"அப்ப, நான் சுவரைப் பிடிச்ச முதல் நாளே உங்களுக்குத் தெரியும், உம்மா."

நபீஸா என் முகத்தைப் பார்த்தாள், ஏதாவது சொல்லுங்கள் என்பதுபோல. பிள்ளை சொன்னது உண்மை.