கடல்காற்றின் மேல் போட்ட பழி

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மூன்று பெரிய டிஷ்கள் இருந்தன. மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் போகிற பஸ்ஸில் வருகிறவர்களுக்கு எங்கள் ஊர் ஸ்டாப்பிங் வந்துவிட்டது என்பதற்கு அவைதான் அடையாளம். தொண்ணூறுகளின் நடுவில் மதுராந்தகத்திலிருந்து கல்யாணமாகி நான் இங்கே வந்தபோது என் கணவர் டி.வி. ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் கேபிள்காரர் ஆனார், நான் கேபிள்காரர் வீட்டம்மா ஆனேன். மீன்காரி எனக்கு மட்டும் ஒரு மீன் சேர்த்துப் போடுவாள். சீரியல் நேரத்தில் லைன் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு இருந்தது, மறைப்பானேன்.

அந்தத் தொழிலில் ஒரு சூட்சுமம் உண்டு. அப்போதைய பழைய டி.வி.களில் முதல் சில எண்களில் வைத்த சேனல்கள்தான் பளிச்சென்று தெரியும். எண் ஏற ஏறப் படம் மங்கும், சில செட்டுகளில் வரவே வராது. எந்த சேனலை எந்த எண்ணில் வைப்பது என்பது கேபிள்காரர் இஷ்டம் என்று ஊர் நினைத்தது. உண்மையில் அது தேர்தல் முடிவின் இஷ்டம். இந்தக் கட்சிக்கு ஒரு சேனல், அந்தக் கட்சிக்கு ஒரு சேனல். கோட்டையில் ஆள் மாறினால் எங்கள் மாடி அறையிலும் வரிசை மாறும். ஜெயித்தவர் சேனல் முன்னால் வரும், தோற்றவர் சேனல் கடைசிக்குப் போகும். இரண்டு கட்சிக்காரர்களும் இதில் அண்ணன் தம்பி மாதிரி. முதல் தடவை சொன்னபோது இவர் கொஞ்சம் முரண்டு பிடித்தார். மறுநாள் காலையில் பார்த்தால் ரோட்டோரம் போன கேபிளை அங்கங்கே வெட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கப்புறம் இவர் முரண்டு பிடிக்கவில்லை.

சில நாட்களில் எண்ணை மாற்றினது மட்டும் போதாது என்று தகவல் வரும். ஏதாவது கசப்பான செய்தி அடுத்த கட்சி சேனலில் வரப்போகிறது என்று அர்த்தம். இவர் மாடிக்குப் போய் அந்த சேனல் ஒயரின் பின்னை லேசாகத் தளர்த்திவிடுவார். ஊர் முழுக்க அந்த சேனலில் மழை பெய்யும், பேச்சுக்குப் பதில் இரைச்சல்தான் கேட்கும். போன் பண்ணிக் கேட்டால், "கடக்காத்துமா, டிஷ்ஷு திரும்பிக்கிச்சு. உப்புக் காத்துல எல்லாம் துருப்புடிச்சிபோது, இன்னா பண்றது?" என்பார். ஜன்னல் கம்பியே துருப்பிடித்து உதிர்கிற ஊரில் யார் அதைச் சந்தேகப்படப் போகிறார்கள்? நானே எத்தனையோ பேருக்கு அந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறேன். அது பொய் என்றே எனக்கு உறைத்ததில்லை. மளிகைக் கடைக்காரர் சில்லறை இல்லை என்று சொல்வது மாதிரி அதுவும் ஒரு வியாபாரப் பேச்சு என்று இருந்துவிட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் ஊரிலும் மகளிர் குழு ஆரம்பித்தார்கள். அதில் எனக்குப் பழக்கமானவள்தான் தலைவி. குழுவுக்குத் தலைவி என்பதால் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். காலனியில் இருந்தாள். அவள் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், இவள் கல்பாக்கம் குடியிருப்பில் ஒப்பந்தத் துப்புரவு வேலைக்குப் போனாள். விடிந்தும் விடியாததுமாக வருகிற பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள். கூட்டத்தில் யார் மழுப்பினாலும் பிடித்துவிடுவாள், அதனால் எனக்கு அவளைப் பிடிக்கும், கொஞ்சம் பயமும் உண்டு.

ஒரு கோடையில் காலனிக் குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை. வந்தாலும் உப்பு. சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒரு நாள் காலனிப் பெண்கள் காலிக் குடங்களோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் போகவில்லை. எங்கள் வீட்டில் போர் இருந்தது, அதில் நல்ல தண்ணீர் வந்தது, சமையல் வேலையும் இருந்தது. இரண்டு சேனல்காரர்களும் கேமராவோடு வந்துவிட்டுப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். சாயங்காலம் தலைவி வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"யக்கா, டிவிக்காரன் மைக்க குட்த்தான், நான் வுடலியே, எல்லாத்தையும் சொல்லிட்டேன். கலெக்டரு டெய்லி நியூஸ் பாப்பாராம். அவுரு ஒரு தபா பாத்தா போதும், நம்ம தண்ணி பேஜாரு தீந்துடும். சர்ச்சாண்ட டிவி வெச்சிக்கீறோம், நீங்களும் வந்துடுங்க."

வருகிறேன் என்றேன். அவள் போன கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. இவர் எடுத்து, "சரி அண்ணாத்த, பாத்துக்கறேன் அண்ணாத்த" என்று இரண்டு தடவை சொல்லி வைத்துவிட்டு மாடிப்படி ஏறினார். நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவர் ஏறுவதைக் கண்ணாடியில் பார்த்தேன். என்னவென்று கேட்கவில்லை.

சர்ச் வாசலில் பெஞ்சு போட்டு அதன்மேல் ஒரு டி.வி. இருந்தது. காலனியே மண்ணில் உட்கார்ந்திருந்தது. எனக்கு மட்டும் ஒரு பாய் கொண்டுவந்து போட்டார்கள். முதலில் ஆளுங்கட்சி சேனலில் செய்தி வந்தது. படம் கண்ணாடி மாதிரி. "திடீர் மறியல், சுற்றுலாப் பயணிகள் அவதி" என்று ஒரு வேனையும், அதற்குள் வியர்த்து வழிந்த வெள்ளைக்காரர்களையும் காட்டினார்கள். தூரத்தில் குடங்கள் தெரிந்தன. தண்ணீர் என்ற வார்த்தையே வரவில்லை.

"கொடத்த காட்றான், எதுக்கு கொடம்னு சொல்லலியே" என்றது ஒரு குரல்.

"இவன் சொல்ல மாட்டான். அடுத்த சேனல்ல வரும், இரு" என்றாள் தலைவி.

அடுத்த சேனலைப் போட்டார்கள். மழை. ஒருத்தர் டி.வி. தலையில் தட்டினார். இன்னொருத்தர் ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். ஒரு பையன் மரத்தில் ஏறி கேபிளை இழுத்துப் பார்த்தான். கடைசியில் ஒரு பெரியவர், "கடக்காத்து. காத்த நாம இன்னா பண்ண முடியும்?" என்று முடித்துவைத்தார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். அன்றைக்கு ஒரு இலை அசையவில்லை. அப்படி ஒரு புழுக்கம். பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டேதான் காற்றைத் திட்டினார்கள். என் கணவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவ்வளவு நம்பிக்கை. பாயில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பு கூசியது.

தலைவி என் பக்கம் திரும்பினாள். "யக்கா, உங்க வூட்ல நேரா டிஷ்ஷுலேர்ந்து வருது இல்ல? நியூஸ் முடியறதுக்குள்ள அங்க போய்டலாமா?"

எங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கிறது என்கிற பதில் நாக்கு வரை வந்தது. போனில் எத்தனையோ தடவை சொன்ன பதில்தான். ஆனால் போனில் முகம் தெரியாது. இங்கே அவ்வளவு பேரும் என்னையே பார்த்தார்கள். "வாங்க" என்றேன். இதைத் தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கூட்டம் வருகிற சத்தம் கேட்டு இவர் சேனலை மாற்றிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டுதான் நடந்தேன்.

அவர் மாற்றவில்லை. கதவு திறந்திருந்தது. மடியில் இட்லித் தட்டு. எதிரே டி.வி.யில் அதே எதிர்க்கட்சி சேனல், அறிவிப்பாளர் கழுத்துச் சங்கிலியின் கண்ணிகளை எண்ணலாம் போல அவ்வளவு தெளிவு. இவருக்குப் பின்னால் வாசலிலும் ஜன்னலிலும் காலனி மொத்தமும் நின்றது. எங்களைப் பார்த்ததும் எச்சில் கையோடு எழுந்தார். ரிமோட்டைத் தேடினார். அதற்குள் மறியல் செய்தி வந்துவிட்டது, யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

திரை நிறையத் தலைவியின் முகம். வாய் அசைகிறது, கை அசைகிறது, கண்ணில் தண்ணீர். குரல் மட்டும் அவளுடையது இல்லை. அரசைக் கண்டித்துக் கட்சி மகளிரணியினர் ஆவேச மறியல் என்று அறிவிப்பாளர் வாசிக்கிறார். தலைவியின் தலைக்கு மேலே இரண்டு கொடிகள் ஆடுகின்றன. அவ்வளவுதான். உடனே கட்சித் தலைவரின் கண்டன அறிக்கை வந்தது. அது நீளமாகப் போயிற்று.

"எவன்டா அது, என் பின்னால கொடி புட்ச்சிகினு நிக்கறது?" என்றாள் தலைவி.

"ரெண்டு பேரு பைக்ல வந்தானுங்க. நீ கேமராவப் பாத்து பேசிகினு இருந்த, உனக்குத் தெரில. கேமரா போனதும் அவனுங்களும் பூட்டானுங்க" என்றான் மரம் ஏறிய பையன்.

தலைவி மெதுவாக என் கணவரைப் பார்த்தாள். "இன்னா அண்ணாத்த, உங்க வூட்டுப் பக்கம் காத்தே அடிக்கல போல கீது?"

"இல்லமா... மேலேர்ந்து சொல்றாங்க... நான் இன்னா பண்ணுவேன்..."

"அது சரி. ஆனா இதுல எங்களப் பத்தி ஒண்ணுமே இல்லியே. இத போயா அவ்ளோ கஷ்டப்பட்டு மறச்சீங்க?"

அவள் கத்தவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். கத்தியிருந்தால் இவர் பதிலுக்குக் கத்தியிருப்பார், எங்களுக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். கூட்டம் கலைந்தது. வெளியே போகும்போது ஒரு வயசான அம்மா என் கையைப் பிடித்து, "சாப்புட்ற நேரத்துல தொந்தரவு குட்த்துட்டோம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் செத்தேன்.

"எதுக்குடி கூட்டிகினு வந்த? என் மானமே போச்சு" என்றார் இவர்.

"உங்களுது மட்டுந்தான் போச்சா?" என்றேன். மறுநாள் காலையில் அவரே மாடிக்குப் போய்ப் பின்னை இறுக்கினார். சாயங்காலம் போன் வந்தது. போய்த் தளர்த்திவிட்டு வந்து படுத்துக்கொண்டார். அவர் மேல் கோபப்படக்கூட எனக்கு யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை. மாசம் பிறந்தால் அந்த வருமானத்தில்தானே நான் நகைச்சீட்டு கட்டினேன்.

இனி தலைவி என் முகத்தில் விழிக்கமாட்டாள் என்று நினைத்தேன். சில நாள் கழித்து அவளே வந்தாள். செங்கல்பட்டில் ஒரு அதிகாரியைப் பார்த்துத் தண்ணீர் விஷயமாகப் பேசவேண்டும், கூட வர முடியுமா என்று கேட்டாள். "நீங்க கூட இருந்தா உள்ள வுடுவாங்க யக்கா" என்று பச்சையாகச் சொன்னாள். பரிகாரம் பண்ண ஒரு வழி கிடைத்ததென்று பட்டுப்புடவை ரேஞ்சுக்கு ஒரு புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன். இப்போது நினைத்தால் அந்தப் புடவையும் கூசுகிறது.

உள்ளே விட்டார்கள். கேபிள்காரர் மனைவி என்று சொன்னதும் அதிகாரி, "உட்காருங்கம்மா" என்றார். பிறகு தலைவியைப் பார்த்தார். யோசித்தார்.

"உன்னைப் பார்த்திருக்கேனே. டி.வி.யில வந்தே இல்ல? அந்தக் கட்சி மகளிரணிதானே? உங்க தலைவர்தான் அறிக்கை விட்டிருக்காரே, அவரையே தண்ணி விடச் சொல்லு."

"நாங்க எந்தக் கட்சியும் இல்ல சார்" என்று தலைவி ஆரம்பித்தாள். அன்றைக்கு மைக்கில் சொன்னதைத்தான் சொல்கிறாள் என்று கேட்கக் கேட்கப் புரிந்தது. கடலோரத்தில் விருந்தினர் விடுதிகள் வந்து ஆழமாகப் போர் போட்ட பிறகுதான் தண்ணீர் உப்பானது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, குழந்தைகளைக் குளிப்பாட்டினால் உடம்பெல்லாம் தடிப்பு. மேல்நிலைத் தொட்டியிலிருந்து நல்ல தண்ணீர் வரத்தான் செய்கிறது, ஆனால் காலனியில் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு வால்வைத் திறந்து, அவர்கள் திரும்புவதற்குள் மூடிவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் போகிற பெண்கள்தான் வீட்டில் நின்று பிடித்து வைக்கிறார்கள். அவள் மகள் அதனாலேயே பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறாள்.

"வேற ஒண்ணும் வாணாம் சார். காலைல எங்க பஸ்ஸு வர்றதுக்கு முன்னாடி வால்வத் தொறக்கச் சொல்லுங்க. அது போதும்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. அதற்குப் பணம் வேண்டாம், சட்டம் வேண்டாம், ஒரு ஆள் கொஞ்சம் சீக்கிரம் எழுந்தால் போதும். அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு, இரண்டு சேனலையும் பளிச்சென்று பார்த்துவிட்டு, அவள் மகள் படிப்பை நிறுத்திவிட்டாள் என்பதை நான் செங்கல்பட்டில் வந்து தெரிந்துகொண்டேன்.

அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார், "இதையெல்லாம் அன்னைக்கே டி.வி.காரங்ககிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. கட்சிக் கலர் வந்துட்டா அப்புறம் நாங்க கை வைக்க முடியாது."

"சொன்னாங்க சார்" என்றேன் நான்.

"சொன்னாங்களா? நான் ரெண்டு சேனலும் பார்க்கிறேனே. எதுலயும் வரலையே?"

  தலைவியின் முகத்தைப் பார்க்கலாம் என்று நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது. அவ்வளவையும் அவள் நின்றுகொண்டே சொல்லியிருக்கிறாள், நான் உட்கார்ந்துகொண்டு கேட்டிருக்கிறேன்.