பொட்டலக் கடையில் கிடைத்த பொருளாதாரம்

ஜப்பான்காரன் வந்ததும் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. நானும் என் தோழியும் அப்போது மேல்நிலைத் தேர்வுக்குப் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தோம். இருவர் வீடும் டத்தோ கிராமாட்டில், அடுத்தடுத்த சந்துகளில். சண்டை முடிந்தால் தேர்வு திரும்பவும் வரும் என்று அவள் நம்பினாள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அவளோடு இருப்பதற்காகவே படித்தேன். ஆனால் கையில் புத்தகம் இல்லை. அவளுடையவை குண்டுவீச்சில் எரிந்துபோயின. இங்கிலீஷ் புத்தகம் வைத்திருந்தால் ஜப்பான்காரன் பிடிப்பான் என்று பயந்து என்னுடையவற்றை அப்பா புதைத்தார், கரையான் தின்றுவிட்டது.

பாசார் என்று நாங்கள் சொல்லும் சந்தையில் ஒரு கடைக்காரர் இங்கிலீஷ் புத்தகங்களைக் கிழித்துப் பொட்டலம் கட்டுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். அவரிடம் பொருளாதாரத்தில் மூன்று இருந்தன: தடித்த பாடநூல், பழைய கேள்வித்தாள் கட்டு, அட்டை கிழிந்த ஒரு சின்னப் புத்தகம். காகிதம் கிடைப்பதில்லை, ஒன்றுதான் தருவேன் என்றார். தேர்வுக்குக் கேள்வித்தாள்தான் உதவும் என்று நான் வாதாடினேன். அவளோ சின்னப் புத்தகத்தை நின்றபடியே படித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு பெண் வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டை நீட்டிக் கருவாடு கேட்டாள். கடைக்காரர் வாங்கவில்லை.

"காசு வேணாம் அக்கா. சாயங்காலம் இத வெச்சு என்னத்த வாங்குறது? மரவள்ளி இருந்தா குடுங்க."

என் தோழி பக்கத்தை என் பக்கம் திருப்பினாள். நோட்டு பெருகி, சரக்கு குறைந்தால், மக்கள் நோட்டைக் கைவிட்டுப் பொருளுக்குப் பொருள் மாற்றுவார்கள் என்று அதில் இருந்தது. நாங்கள் பிறப்பதற்கு முன்பே, எங்கோ ஒரு தூரதேசத்தில் அச்சான வரி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இத எழுதின ஆளு நம்ம பாசார எப்படிடி பார்த்தான்?" என்றாள் மெதுவாக.

கொண்டுபோயிருந்த மரவள்ளிக்கிழங்கைக் கொடுத்து அந்தச் சின்னப் புத்தகத்தையே வாங்கினோம். அன்றுமுதல் பாசாருக்குப் போவதே எங்களுக்குப் பாடமாயிற்று. ஒவ்வொரு கடையும் ஏதோ ஒரு பக்கத்தை மெய்யாக்கியது.

அவள் அதோடு நிற்கவில்லை. தன் அப்பா பெட்டியில் சேர்த்துவைத்திருந்த நோட்டையெல்லாம் துணியாகவும் துவைக்கிற சவுக்காரக் கட்டியாகவும் மாற்றச் சொன்னாள். அவர் முதலில் திட்டினார், பிறகு கேட்டார். வெள்ளைக்காரன் திரும்பி வந்து அந்த நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது, சந்தில் அவை சருகாகப் பறந்தன. அவள் அப்பா வாசலில் நின்று அதைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

தேர்வும் வந்தது. இருவரும் எழுதினோம்.