கண்ணாடியில் அசையாத உதடுகள்

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை நாற்காலி போட்ட பியூட்டி பார்லர் அமலாவுடையது. கணவர் துரை தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருபவர்.

போன வருடம் ஒரு பெண்ணுக்கு ப்ளீச் போட்டபோது முகம் சிவந்து தடித்துவிட்டது. இரண்டொரு நாளில் ஆறிப்போனது. அந்தப் பெண்ணும் பெரிதுபடுத்தவில்லை. அமலாதான் அதை விடவில்லை. யார் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அடிவயிறு பிசையும். உடனே மனத்தில் ஒரு காட்சி விரியும்: முகம் வெந்துபோன ஒருத்தி தெருவுக்கு ஓடுகிறாள், வாசலில் கூட்டம். பிறகு ஒரு நாள், சரோஜம்மாவுக்கு நூலால் புருவம் திருத்திக்கொண்டிருந்தபோது குரல் கேட்டது.

"இவ கை வெளங்காது. மூஞ்சியக் கெடுத்துடுவா."

நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். சரோஜம்மா கண்மூடி உட்கார்ந்திருந்தார், உதடு அசையவில்லை. குரல் நிற்கவுமில்லை.

அதன்பின் ஞாயிறு பூசையிலும் பின்வரிசையிலிருந்து அது பேசியது. அமலா கடையைப் பூட்டினாள்.

"யாருமே பேசல அமலா. நான் பக்கத்துலதானே கீறேன்" என்று துரை மன்றாடினார். உண்மைதான். ஆனால் காதில் விழுவதை விழவில்லை என்று அவள் எப்படிச் சொல்வாள்? தங்கை லவினா வந்துதான், "சரிக்கா, உனக்குக் கேக்குது. வா, டாக்டர்கிட்ட அதையே சொல்லலாம்" என்று பெங்களூருக்கு அழைத்துப் போனாள்.

மாத்திரையில் தூக்கம் வந்தது. குரல் தணிந்தது, போகவில்லை. அங்கே மனநல ஆலோசகராக இருந்த பவ்யா, "அது வர்றதுக்கு முன்னாடி என்ன நடக்குது?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

"மொதல்ல வயிறு பிசையும். அப்புறம் அந்தப் பொண்ணு ஓடுறது தெரியும். அதுக்கப்புறந்தான் பேசும்."

"ஓடினவ எங்க போறா?"

காட்சி எப்போதும் வாசலோடு நின்றுவிடும். மேலே ஓட்டிப் பார்க்கச் சொன்னார் பவ்யா. முதலில் அழுகைதான் வந்தது. சில வாரம் கழித்து, ஓடியவளைத் திரும்பக் கூப்பிட்டு, உட்காரவைத்து, முகத்தில் ஐஸ் ஒற்றுவதுவரை பார்க்க முடிந்தது. படபடப்பு அடங்கிய நாட்களில் குரலும் சன்னமாகத்தான் ஒலித்தது.

கடையை மறுபடி திறந்த அன்று துரை லீவு போட்டுவிட்டு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நேசமணி டீச்சர் புருவம் திருத்திக்கொள்ள வந்தார். பாதி வேலையில் அமலாவுக்கு வயிறு பிசைந்தது. நூலைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு நிமிஷம் இருங்க டீச்சர். காதுல ஒரு குரல் கேக்குது. அடங்கிடும்."

ஒரு புருவம் மட்டும் திருத்திய முகத்தோடு டீச்சர் திரும்பிப் பார்த்தார். "எனக்கும் சுகர் எறங்குனா கை நடுங்கும். மெதுவா செய்ம்மா. நான் இன்னா ட்ரெயினா புடிக்கப்போறேன்?"

அமலா தண்ணீர் குடித்தாள். கண்ணை மூடி, அந்தக் காட்சியை முடிவுவரை ஓடவிட்டாள். குரல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது. நூலைப் பல்லில் கடித்து, அடுத்த புருவத்தைத் தொடங்கினாள்.

மாத்திரை இன்னும் தொடர்கிறது. கடையில் கூட்டம் சேரும் கல்யாண நாட்களில் லவினா வந்து கூட நிற்கிறாள்.