முப்பத்தாறு அங்குல ஞானம்

எண்பதுகளின் நடுவில் செஞ்சி பஜாரில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு பாயின் தையல் கடை. மேலே எட்டு மிஷின் தடதடக்கும், கீழே ஒன்று. நாலு மணிக்கு எல்லாச் சத்தமும் நிற்கும். நானும் பாயும் படியில் உட்கார்ந்து டீ குடிப்போம். பஜாரில் போகிற வருகிற ஒருவரையும் விட்டுவைக்க மாட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு இன்னொரு உத்தியோகம் இருந்தது. எங்கள் சபையில் நான் வேதத்தில் கெட்டிக்காரன் என்று பெயர். அந்தப் பெயரை யார் வைத்தது என்று விசாரித்தால் விசாரணை என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். எந்த வசனம் எந்த அதிகாரம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மூடாமலும் சொல்ல முடியும். மூடினால் ஞானம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

ஒரு வருஷம் கிறிஸ்துமஸுக்கு பேண்ட் தைக்கக் கொடுத்தேன். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். பாய் டேப்பை இடுப்பில் சுற்றியதும் வயிற்றை எக்கி முதுகெலும்போடு ஒட்டவைத்துக்கொண்டேன்.

"மூச்ச வுடு வாத்தியாரே."

"வுட்டுட்டுத்தான் இருக்கறேன்."

"நல்லா வுடு."

மறுபடி வாயைத் திறந்தால் வயிறு வெளியே வந்துவிடும். தலையை மட்டும் ஆட்டினேன். பாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நோட்டில் முப்பத்தாறு என்று எழுதினார்.

கிறிஸ்துமஸ் காலை ஆராதனை. பாவ அறிக்கைக்குச் சபை முழங்கால் போட்டது. நானும் போட்டேன். பேண்டும் தன் பங்குக்கு அறிக்கை செய்தது, சத்தமாக. பின்வரிசை வாலிபர்களின் தோள்கள் குலுங்கின. மனம் உருகி அழுகிறார்கள் என்று போதகர் நினைத்துக்கொண்டார்.

வேதத்தில் கெட்டிக்காரன் என்ன செய்தான்? பாட்டுப் புத்தகத்தால் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு நேராகப் பஜாருக்குப் போனான். "துணியத் திருடிட்டுத் தச்சா இப்படித்தான் கிழியும்!" என்று டீக்கடைக் கூட்டம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான். பாய் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அன்றோடு பேச்சு நின்றது. நாலு மணிக்கு மாடியில் எட்டு மிஷினும் ஓய, கீழே மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

இரண்டு மாதம் மாடியில் தனியாக டீ குடித்தேன். டீ சரியில்லை என்று கடைக்காரரோடு தினமும் தகராறு. "அதே டீதான் சார், நீங்கதான் வேற மாதிரி இருக்கறீங்க" என்றார்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம். எங்கள் வீட்டு முறை வந்தபோது "ஞானமும் சந்தோஷமும்" என்று பேசும்படி போதகர் சொல்லிவிட்டார். மூன்று தலைப்புத் தயாரித்தேன். மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்கின. இல்லாவிட்டால் எங்கள் சபையில் அதைப் பிரசங்கம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வேதபாடத்தை வீட்டுப் பெண் வாசிப்பது வழக்கம். நான் குறித்துக் கொடுத்ததை விட்டுவிட்டு என் மனைவி வேறோர் இடத்தை வாசித்தாள். காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவனுக்கு, சகோதரன் தன்மேல் குறையோடு இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்கிற இடம். வாசித்து முடித்து என்னைப் பார்த்தாள்.

நானா மசிவேன்? "இங்கே சகோதரன் என்றால் சபையிலுள்ள சகோதரன் என்று பொருள்" என்று கண்ணை மூடிக்கொண்டு விளக்கினேன். இரண்டு ஆமென் கூட விழுந்தது.

"அப்ப கீழ்க்கடை பாய் யாருங்க?" என்றாள்.

"அவர்... அயலான்."

"அயலான் மேல அன்பு வைக்கணும்னு வேதத்துல போட்டிருக்குதே, அந்தப் பக்கம் நம்ம ஊட்டுப் புஸ்தகத்துல மட்டும் கிழிஞ்சி போச்சா? பேண்டு மாதிரி?"

வீடே சிரித்தது. போதகர் இருமுவதுபோல் சமாளித்தார். என் மூன்று தலைப்பில் முதலாவதோடு கூட்டம் முடிந்து எல்லாரும் சுண்டலுக்குப் போய்விட்டார்கள்.

அந்த ஞாயிறு சபையில் திருவிருந்து; பகையை வைத்துக்கொண்டு அப்பமும் ரசமும் வாங்கக் கூடாது. சனிக்கிழமை காலை தையல் கடை வாசலில் போய் நின்றேன்.

"பாய், வேதத்துல இன்னா சொல்லுதுன்னா..."

"வேதத்த மேல போய் சொல்லு. கீழ வேல நடக்குது."

தயாரித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "அன்னிக்கு வயித்த எக்கிகினு நின்னேன் பாய். அதான் கிழிஞ்சிது. நீ திருடல."

மிஷின் நின்றது. "எக்கினது தெரியும்பா."

"தெரிஞ்சும் ஏன் முப்பத்தாறுல தச்ச?"

"நாலு பேர் நிக்கறாங்க, ஒன் மானத்த நான் ஏன் வாங்கணும்? பின்னால ரெண்டு இன்ச் துணிய உள்ள மடிச்சி வுட்டு வெச்சேன். இறுக்கினா வருவ, பிரிச்சிக் குடுக்கலாம்னு. நீ வந்து திருடன்னுட்ட."

திருட்டுப்போன துணி இரண்டு மாதமாக என் டிரங்குப் பெட்டியில், என் பேண்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. வேதத்தைத் தலைகீழாகப் படித்தவன் ஒரு பேண்டை உள்பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை.

"மன்னிச்சிடு பாய்" என்றேன், மெல்ல.

"திட்டும்போது பஜாரே கேட்டுது. மன்னிப்பு மட்டும் காதோட காதா?"

வெளியே திருவண்ணாமலை பஸ் நின்றிருந்தது. டீக்கடையில் எங்கள் சபையைவிட அதிகக் கூட்டம். மேலே என் மாணவர்கள் வேறு. திரும்பிப் போய்விடலாமா என்று கால் பார்த்தது. பிறகு இரண்டாம் படியில் ஏறி நின்று கத்தினேன்: "பாய் துணி திருடல! நான்தான் தொப்பைய எக்கிப் புடிச்சிகினு பொய் அளவு குடுத்தேன்!"

பஸ் ஜன்னலிலிருந்து ஒருவர், "அத வேற சொல்லணுமாய்யா? பாத்தாலே தெரியுதே!" என்றார்.

பஜார் சிரித்தது. பாயும் சிரித்தார். இரண்டு மாதமாக இறுக்கியிருந்த பெல்ட்டை யாரோ தளர்த்திவிட்டதுபோல் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சந்தோஷத்தைப் பற்றிய வசனங்கள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். அது இப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியாமல் இருந்தது.

பாய் டேப்பை எடுத்தார். பழக்கதோஷம், வயிறு தானாக உள்ளே போயிற்று. சாக்பீஸால் விலாவில் ஒரு குத்து விட்டார். "மூச்ச வுடு."

விட்டேன்.

"நாப்பது!" என்று டீக்கடை வரைக்கும் கேட்கும்படி படித்துவிட்டு, அப்படியே இரண்டு டீயும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் வுட்டு வெச்ச ரெண்டு இன்ச் பத்தாது வாத்தியாரே. ஒன் பாவம் நான் நெனச்சதவிட பெருசு."